இடதுகைக்காரியின் அட்டைப்படம்

கெசியா தோர்லிக்குப் பதினேழு வயது. இங்கிலாந்தின் ஹல் நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஊடகக் கல்வி படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டு வகுப்பில் ஆளுக்கொரு இசைப் பத்திரிகை வடிவமைக்க வேண்டும். அதை வாசகர்களிடம் காட்டி, அவர்கள் சொல்வதையும் எழுதி வாங்கி வர வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு.

உள்ளூர் ராக் குழுக்களைப் பற்றிய தன் பத்திரிகைக்கு 'இரைச்சல்' என்று பெயர் வைத்தாள். அட்டையில் அவளுடைய தோழி டில்டா கிதாரோடு முறைத்துக்கொண்டு நின்றாள். கருத்துப் படிவங்களை வகுப்பில் இருபது பேருக்குக் கொடுத்தாள். பத்தே நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டன.

ஆசிரியை ஹெப்டன் புரட்டிப் பார்த்தார்.

"இருபது பேரும் 'சூப்பர்'னு எழுதியிருக்காங்க. அதுல ரெண்டு பேருக்கு எழுத்துப்பிழைகூட ஒரே மாதிரி."

"நல்லதுதானே மிஸ்?"

"இவங்களுக்கு உன்னைப் பிடிக்கும், எழுதிட்டாங்க. பத்திரிகை பிடிச்சுதான்னு எனக்குத் தெரியணும். உன் மூஞ்சியே தெரியாதவங்ககிட்ட போ."

சனிக்கிழமை மதியம் சின்ன அரங்கம் ஒன்றில் எல்லா வயதினருக்குமான கச்சேரி இருந்தது. வாசலில் நீண்ட வரிசை. தூறல் வேறு. பிரதிகளை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர்ப்புறம் ரொம்ப நேரம் நின்றாள் கெசியா. வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. பிறகு ஒரே மூச்சில் தெருவைக் கடந்தாள்.

முதல் ஆள் பத்திரிகையை வாங்கித் தலைமேல் பிடித்துக்கொண்டார்.

"மழைக்கு நல்லாருக்கும்மா. அதையே எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். அடுத்தவர் எழுத்து பொடிசு என்றார். பச்சை முடிக்காரப் பையன் பேட்டியை முழுசாகப் படித்துவிட்டு, "அந்தப் பாடகன் பேசுனதவிட நீ பேசுனதுதான் ஜாஸ்தியா இருக்கு" என்றான். சுருக்கென்றது. ஆனால் எண்ணிப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான்.

அதற்கு அடுத்து நின்ற பெண்ணுக்குப் பதினைந்து வயது இருக்கும். அட்டையைப் பார்த்தவள் கண்ணை எடுக்கவில்லை.

"ஏய், இவ இடதுகைக்காரியா?"

கெசியா எட்டிப் பார்த்தாள். டில்டாவின் வலது கை கிதாரின் கழுத்தில் இருந்தது. இடது கை தந்தியில். தலைப்புச் செய்திகளுக்கு இடப்பக்கம் இடம் போதவில்லை என்று படத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்பிப் போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கிதாரும் சேர்ந்து திரும்பும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ம்" என்றாள்.

"நானும்தான்! என் பேரு மார்னி. கடையில எல்லாம் வலதுகைக் கிதார்தான் வச்சிருக்கான். தந்தியக் கழட்டி நானே மாத்திப் போட்டுக்கிட்டேன். எங்க கிதார் சார், கையை மாத்துன்னு உசிர எடுக்கறாரு. இத அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டப் போறேன் பாரு."

படிவத்தில் ஓரம்வரை நெருக்கி நெருக்கி எழுதிக் கொடுத்தாள் மார்னி. அந்த ஒரு தாளே போதும் என்று தோன்றியது கெசியாவுக்கு. அட்டையை மறுபடி பார்க்காமல் அடுத்த ஆளிடம் நகர்ந்தாள்.

வரிசையில் இன்னும் பத்துப் பேர் தள்ளி, படிவத்தில் டெனிஸ் என்று பெயர் எழுதிய நடுவயதுப் பெண்மணி அட்டையை ஒரு நொடி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"படத்தத் திருப்பிப் போட்டுட்ட போலிருக்கே கண்ணு. சட்டையில இருக்கற எழுத்தப் பாரு."

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? எங்க மிஸ்ஸே பாக்கல."

"இருபது வருஷமா பஸ் ஓட்டறேன். கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டி எழுத்தெல்லாம் எனக்கு இப்படித்தான் தெரியும்."

அதே நேரம் கதவு திறந்து வரிசை நகர ஆரம்பித்தது. பேசாமல் இருந்துவிட்டால் மார்னிக்குத் தெரியப்போவதில்லை. கிதார் சார் கண்ணில் படும்வரை தெரியாது. கெசியா ஓடிப்போய் மார்னியின் கையைப் பிடித்தாள்.

"உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். அவ இடதுகைக்காரி இல்ல. படத்த நான்தான் திருப்பிட்டேன். அவளுக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது."

மார்னியின் முகம் சுருங்கிப்போனது. "அப்ப 'ம்'னியே?"

"தப்புதான்."

மார்னி பத்திரிகையைக் கெசியாவின் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எதிர்க் கடையில் மசாலாத்தூள் தூவிய சூடான உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தாள் கெசியா. மார்னியின் படிவத்தை எடுத்து மூன்று தடவை படித்தாள். சிப்ஸ் ஆறிப்போயிற்று. கச்சேரி முடிய இரண்டு மணிநேரம் ஆனது. கூட்டம் வெளியே வந்தபோது வாசலில் போய் நின்றாள்.

"இன்னும் போகலையா நீ?" என்றாள் மார்னி.

"புது அட்டை போடப் போறேன். நீ நிக்கிறியா? உன் கிதாரோட."

மார்னி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "திருப்ப மாட்டியே?"

"மாட்டேன்."

"சிரிக்கச் சொல்லக் கூடாது."

"சொல்லல."

"எங்கம்மாகிட்ட நீயே வந்து கேளு."

மறுநாளே போய்க் கேட்டாள். அம்மாவுக்கும் சம்மதம்.

டில்டாவிடம் சொல்லத்தான் பயந்தாள். அவளோ, "அப்பாடா! அந்தச் சட்டையில நான் குளிர்ல செத்தேன்டீ" என்று தோளில் தட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை துறைமுகத்துச் செங்கல் சுவர் முன்னால் மார்னி நின்றாள். ஒரு வழியாக வெயில் வந்திருந்தது. நிற்கச் சொன்னால் வாசித்தாள், வாசிக்கச் சொன்னால் நின்றாள். நாற்பதாவது படம் சரியாக வந்தது. இந்தத் தடவை கெசியா படத்தைத் தொடவில்லை. செய்திகளைத்தான் வலப்பக்கம் நகர்த்தினாள். பேட்டியில் தன் கேள்விகளைப் பாதியாக வெட்டினாள். எழுத்தைப் பெரிதாக்கினாள்.

ஹெப்டன் மிஸ் புதிய அட்டையைவிட, மழையில் நனைந்து மை பரவிய படிவங்களைத்தான் அதிக நேரம் படித்தார். "இதுதான் கருத்து" என்றார். மதிப்பெண் ஜூனுக்குப் பிறகுதான் தெரியும்.

மார்னிக்கு மூன்று பிரதிகள் கொடுத்தாள் கெசியா. வாங்கியவள் கடைசிப் பக்கம்வரை புரட்டினாள்.

"அடுத்த இதழ் எப்ப?"

பாடத்துக்காகச் செய்த ஒரே இதழ் அது. அடுத்தது என்று ஒன்று இருக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தவள், "பாக்கறேன்" என்றாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸின் மாடியில், முன்னிருக்கையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். ஊரில் டிரம்ஸ் வாசிக்கும் பெண்கள் யார் யார் என்று யோசித்து ஒவ்வொரு பெயராக எழுத ஆரம்பித்தாள்.