சுவரைப் பார்த்து நிற்பவள்

கொசு என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவர்கள் இசைக்குழுவின் பாடகன்தான். அவள் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பை முடுக்கினால் போதும், கம்பியில் விரல் படுவதற்கு முன்பே அறை முழுக்க ஒரு ரீங்காரம் நிறைந்துவிடும். அதற்கு அவள் என்ன செய்வாள்? கிட்டாரில் இருந்தவை சிங்கிள் காயில் பிக்கப்புகள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தத்தைச் சுற்றி ஒரே ஒரு சுருள். அது கம்பி சொல்வதையும் கேட்கும், பக்கத்துச் சுவருக்குள் மின்சாரம் முனகுவதையும் கேட்கும். இரட்டைச் சுருள் என்றால் ஒன்றின் இரைச்சலை இன்னொன்று தின்றுவிடும். அதனால்தான் காது கிழியும் ஹெவி மெட்டல் வாசிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இரட்டைச் சுருளுக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் ஒற்றைச் சுருள்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஆம்ப்பை உச்சத்துக்கு முறுக்கும்போது இரட்டைச் சுருளில் ஆறு கம்பியும் ஒன்றாகக் குழைந்துபோகிறது என்பாள். இதில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கடிக்கும். பாடகன் ஒப்புக்கொள்ளவே மாட்டான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், அந்த நோஞ்சான் சுருளிலிருந்து என்ன இடி வரப்போகிறது என்பான். அடிவயிற்றிலிருந்து இருமுகிறவன் மாதிரி பாடுவதால் அவனுக்கு இருமல் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது இவள். பழிக்குப் பழி.

எல்லோரையும்விட அதிகம் கிண்டல் செய்தவன் டிரம்ஸ் வாசித்த அவள் அண்ணன். சுருள் ஏற்றினால் கொசு போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இங்கே சுருள்தான் கொசுவையே கூட்டி வருகிறது என்பான். பகலில் வீடுகளுக்குத் தரைக்கல் பதிப்பது அவன் தொழில். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். இருவருக்கும் கைதான் சோறு போட்டது.

அவர்கள் அப்பாவுக்கும் கைதான் முதலில் போனது. தேநீர்க் கோப்பை நழுவி விழுந்தது, அதற்குப் பிறகு சட்டைப் பொத்தான் போட வரவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த சதை கரைந்து குழியாயிற்று. தோலுக்கடியில் புழு ஓடுவது போல எந்நேரமும் ஒரு துடிப்பு. கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு. அண்ணனும் தங்கையும் மாறி மாறி ஊட்டிவிட்டார்கள், துடைத்துவிட்டார்கள், கடைசியில் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரியப்பாவும் இப்படித்தான் போனார் என்று யாரோ சொன்ன அன்றிலிருந்து கொசு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அண்ணன் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். அவன் சாப்பிடும்போது பார்ப்பாள், செருப்பு வாரை மாட்டும்போது பார்ப்பாள். என் கையை என்ன விலைக்கா வாங்கப்போகிறாய் என்று அவன் எரிந்து விழுவான். அண்ணனும் அப்படிப் போய்விட்டால் தனக்கு யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் பயமெல்லாம் அந்த ஒன்றுதான்.

அவர்கள் ஒத்திகைக்குப் பிடித்த அறை ஒரு காகிதக் கிடங்கின் அடித்தளம். வாடகை குறைவு, ஏன் குறைவு என்பது முதல் நாளே தெரிந்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் கட்டடத்தின் டிரான்ஸ்ஃபார்மர். ஒற்றைச் சுருளுக்கு இதைவிடப் பொல்லாத அண்டை வீடு கிடையாது. இரைச்சலை வெட்டும் பெடலை வாங்கிப் பார்த்தாள். அது ஸ்வரத்தின் வாலையும் சேர்த்து வெட்டியது. கடைசியில் கிட்டாரை மாட்டிக்கொண்டு அறை முழுக்கத் தட்டாமாலை சுற்றினாள். ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு கோணத்தில், இரைச்சல் அடங்கியது. அங்கே தரையில் டேப் ஒட்டிப் பாதங்களுக்கு அடையாளம் செய்துகொண்டாள். அந்த இடத்தில் நின்றால் முகம் சுவருக்கு, முதுகு டிரம்ஸுக்கு.

அண்ணன் கரடியாய்க் கத்தினான். கிட்டாரும் டிரம்ஸும் கண்ணால் பேசிக்கொள்ளாமல் மெட்டல் வாசிக்க முடியுமா, இது என்ன இசைக்குழுவா, பேருந்துக்கு நிற்கிற வரிசையா என்றான். ஒரு வருஷம் சண்டை. அவர்களுடைய முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய முடிவானபோது கொசுவே தோற்றுப்போனாள். இரட்டைச் சுருள் பிக்கப்பை வாங்கிக்கொண்டு வந்து பெட்டியோடு அண்ணன் முன்னால் வைத்தாள்.

அவன் பெட்டியைத் திறக்கவேயில்லை. இரண்டு கையும் சட்டைப் பைக்குள் இருந்தன.

"மாத்தாத. அந்தச் சத்தம்தான் நம்ம சத்தம்," என்றான். "நீ சுவத்தப் பாத்தே நில்லு. பின்னால நான் இருக்கேன்ல."

அன்று பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். சந்தோஷத்தில்தான். தான் வாசிப்பதை அண்ணன் ஒரு நாளாவது நல்லது என்று சொல்லமாட்டானா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு எல்லாமே இதமாக நடந்தது. அண்ணன் அவளுக்கு முன்பே வந்து டிரம்ஸ் முன் உட்கார்ந்திருப்பான், அவள் போன பிறகுதான் எழுந்திருப்பான். சிமெண்ட் தோலைத் தின்கிறது என்று கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டான். வேலை அதிகம் என்று வேலை நடக்கும் வீட்டிலேயே சாப்பிட்டுப் படுத்துக்கொண்டான். வாசிப்பும் மாறியது. இடக்கை அடிகளைக் குறைத்தான், வேகமான இடங்களைக் காலால் நிரப்பினான். தன் கிட்டாருக்கு வழிவிடுகிறான் என்று அவள் நினைத்தாள். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவள் அப்படித்தான் நினைத்தாள். பிரியமானவர்கள் நமக்கு விட்டுக்கொடுக்கும்போது யார் கணக்குக் கேட்கிறார்கள்?

பதிவும் அந்த அடித்தள அறையிலேயே. அந்த நாளன்று டிரான்ஸ்ஃபார்மரைப் பழுது பார்க்க ஆள் வந்துவிட்டார்கள். கட்டடம் முழுக்க மின்சாரம் இல்லை. தள்ளிப்போடலாம் என்று பதிவுக்காரர் சொன்னார். கூடாது, இன்றே முடிக்க வேண்டும் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தான். தெருக்கோடியில் ஒரு ஜெனரேட்டரை நிறுத்திக் கம்பி இழுத்தார்கள். மின்விசிறிக்கு அது போதவில்லை. அறை கொதித்தது.

மூன்றாவது பாட்டு முடிந்து நான்காவதற்கு முன் ஓர் இடைவெளி. கொசு வழக்கம் போலத் தன் டேப் அடையாளத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். தோள் பட்டையைச் சரி செய்யக் கொஞ்சம் நகர்ந்தபோது, கிட்டார் கோணம் தப்பியும் ஒரு சத்தமும் வரவில்லை என்பதைக் கவனித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் முனக இன்று யாரும் இல்லையே. குழந்தை போலச் சிரிப்பு வந்தது. இந்த ஒரு பாட்டையாவது அண்ணன் முகத்தைப் பார்த்து வாசிக்கலாம் என்று திரும்பினாள்.

அண்ணனின் இடக்கையில் கையுறை இல்லை. வேர்வையில் கழற்றியிருக்கிறான். பாடகன் இருமல் அவன் முன்னால் மண்டியிட்டு, டிரம்ஸ் குச்சியை அந்தக் கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, சைக்கிள் டியூபில் அறுத்த ரப்பர் பட்டையால் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு சுற்று, குறுக்கே ஒன்று, பல்லால் இழுத்து முடிச்சு. முதல் தடவை செய்கிறவன் அப்படிக் கட்டமாட்டான். பதிவுக்காரர்கூட அதைச் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள், அவள் ஒருத்திக்கு மட்டும்.

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குழி. முன்கையில் தோலுக்கடியில் அந்தத் துடிப்பு. டாக்டரிடம் கேட்க அவளுக்கு எதுவும் இருக்கவில்லை.

இருமல் முடிச்சைப் பிடித்தபடியே இருந்தான்.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

நீ அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாயே, அதற்கும் முன்பிருந்து என்றான் அண்ணன். அப்படியென்றால் அந்தச் சத்தம்தான் நம்ம சத்தம் என்று சொன்னது பொய்யா என்றுதான் முதலில் அவளுக்குக் கேட்கத் தோன்றியது. அதற்காகப் பிற்பாடு தன்னையே வெறுத்தாள். கேட்டது வேறு.

"எங்கிட்டயே காது குத்தினியாண்ணா? அப்பாவத் தூக்கினவ நான். உன்னத் தூக்கமாட்டேனா?"

"தூக்குவ. அது தெரியாதா எனக்கு?" அவன் குரல் சாதாரணமாக இருந்தது, கல் எத்தனை வேண்டும் என்று சொல்கிறவன் குரல். "டாக்டர் நம்ம வம்ச ரத்தத்துலயே இருக்குன்னுட்டார். எனக்கு வந்தா உனக்கும் பாதிக்குப் பாதி. உனக்குத் தெரிஞ்சா, அன்னையிலிருந்து நீ உன் கையப் பாக்க ஆரம்பிச்சிடுவ. அப்புறம் எப்படி வாசிப்ப? ஒரு ஆல்பம் வரைக்குமாவது நீ அது தெரியாம வாசிக்கட்டும்னு நெனச்சேன்."

அவன் கையை இத்தனை வருஷம் வைத்த கண் வாங்காமல் பார்த்தவளுக்கு, தன் கையைப் பற்றி ஒரு நாளும் தோன்றியதில்லை. பயமும் அழுகையும் எது முதலில் என்று தெரியாமல் முட்டிக்கொண்டு வந்தன.

நாளைக்குள் இந்தக் கையும் என்ன ஆகுமோ, கட்டியது கட்டியாகிவிட்டது, வாசித்துவிடலாம் என்றான் அண்ணன். இருமல் எழுந்து மைக்கின் முன்னால் போய் நின்றான். பதிவுக்காரர் தலையாட்டினார். சுவர் பக்கம் திரும்ப இனி அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. அண்ணனைப் பார்த்தபடியே நின்று இடக்கையைக் கம்பிகளின் மேல் வைத்தாள்.

அவன் குச்சியோடு குச்சி தட்டி நான்கு எண்ணினான். கொசு தன் சுண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்ததில் முதல் அடியைத் தவறவிட்டாள்.