பங்களா வளைவு

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களா வளைவில் பஸ் திரும்பியதும் உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூரையில் தலை இடிக்காமல் குனிந்து, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். துரை வெராந்தாவில் சாய்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வளைவு கடந்ததும் எல்லோரும் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். அந்த பஸ் கம்பெனியின் மேனேஜர் என்று சொல்லிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு, யாரோ முகத்தில் காறித் துப்பியதுபோல் இருந்தது.

மலாயாவில் கிள்ளானுக்கு வெளியே அந்த ரப்பர் தோட்டத்துக்கு எங்கள் பஸ் ஓடத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தோட்டத்து மண்சாலையில் துரை எதிரே வந்தால், சைக்கிளில் போகும் தொழிலாளி இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். அது அங்கே வழக்கம். பஸ்ஸுக்கு அப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை. இவர்களாகவே அந்த வழக்கத்தை பஸ்ஸிலும் கொண்டுவந்து ஏற்றிவிட்டார்கள். டிரைவர் கன்னையாவிடம் கேட்டேன். முதல் நாளிலிருந்தே இப்படித்தானாம். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தால் வளைவில் வண்டி சாய்கிறது என்பதுதான் அவனுடைய கவலை.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவன். காலையில் ரயிலேறிக் கிள்ளானுக்கு வந்து மாலையில் திரும்புகிறேன். கோலாலம்பூரில் மின்சார விளக்கும் பேசும் படமும் வந்துவிட்டன. என் மேசையில் ஒரு டெலிபோன் இருக்கிறது. மோட்டார் வந்துவிட்டால் மனிதன் நிமிர்ந்துவிடுவான் என்று நாலு பேரிடம் பெருமையடித்தும் இருக்கிறேன். இங்கே மோட்டாரில் ஏறியும் குனிகிறான். எரிச்சல் தாங்கவில்லை. அன்றைக்கே ஒரு பலகை எழுதச் சொல்லி பஸ்ஸுக்குள் மாட்டினேன்: 'எஞ்சின் ஓடும்போது பயணிகள் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. மேனேஜர் உத்தரவு.' எழுத்துத் தெரியாதவர்களுக்குக் கன்னையா வாய்விட்டுச் சொன்னான். பாதிப் பேர் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பாதியே துரைக்கு உறைத்துவிட்டது. முதலாளி சோமசுந்தரம் செட்டியார் என்னைக் கூப்பிட்டு, பலகையைக் கழற்றாவிட்டால் தோட்டத்துச் சாலை நமக்கு இல்லை, உமக்கு வேலையும் இல்லை என்று நிதானமாகச் சொன்னார். சாலை துரையுடையதாக இருக்கலாம், பஸ் நம்முடையது என்றேன். என்னுடையது என்று திருத்தினார்.

பலகையைக் கழற்றவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அந்த பஸ்ஸில் ஏறினேன். கிள்ளான் பாசாருக்குச் சாமான் வாங்கப் போகும் கூட்டம். பக்கத்தில் பவுனம்மாள், அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள். பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சாயங்காலம் கோலாலம்பூருக்குப் போயிருவீங்கய்யா. நாங்க அவரு லயத்துலதான படுக்கணும்."

எனக்குப் போனால் வேலை போகும். அவளுக்குக் குடியிருக்கும் லயத்து வீடும் போகும்.

வளைவில் துரையின் கார் சாலைக்குக் குறுக்கே நின்றது. துரை பங்களாப் படியில் இடுப்பில் கைவைத்து நின்றார். கன்னையா பஸ்ஸை நிறுத்தினான். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி நாராயணன் குடையோடு வந்து, எல்லோரும் ஒரு தடவை எழுந்து நின்றால் போதும், காரை எடுத்துவிடுவார்கள் என்றார். கன்னையா எஞ்சினை அணைக்கப் போனான். வேண்டாம் என்று தடுத்தேன்.

"எஞ்சின் ஓடுதுங்க," என்றேன் கிராணியிடம். "ஓடும்போது யாரும் எந்திரிக்கக் கூடாது. கம்பெனி சட்டம்."

அவர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"பவுனம்மா, நீயாச்சும் எந்திரி. உன்னப் பாத்து மத்தவங்க எந்திரிப்பாங்க."

அவள் கை முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்தது. பாதி எழுந்தாள். பின்னால் பெஞ்சுகள் முனகின. என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்தாள்.

"வாரம் பூரா மரத்தடியில நின்னுக்கிட்டேதாங்க இருக்கேன்," என்றாள். "பஸ்ஸுக்குக் காசு குடுத்தது உக்காரத்தான்."

பின்னால் எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்காரும் சத்தம் கேட்டது. கிராணி திரும்பித் துரையைப் பார்த்தார். துரை அசையவில்லை, காரும் அசையவில்லை. வெயில் ஏறியது. செட்டியாரின் பெட்ரோல் எரிந்துகொண்டிருந்தது. கூரை, பெஞ்சு, பலகை, மடியிலிருந்த கூடைகள் என்று பஸ் முழுக்க அதிர்ந்தது. பவுனம்மாள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெற்றிலையை எடுத்து, தொடையில் வைத்துத் துடைத்து, நிதானமாகச் சுண்ணாம்பு தடவத் தொடங்கினாள்.