கைமாத்துக்குப் போன டேங்க்

காலை ஆறு மணிக்கு அன்புக்கரசி டேங்கின் குழாயைத் திருகி, ஒரு டம்ளரில் முந்திரிப்பழச் சாற்றைப் பிடித்தாள். புளிப்பை அளக்கும் மீட்டரின் முனையை அதில் விட்டுப் பார்த்தாள். புளிப்பு ஏறியிருந்தது. சுண்ணாம்புத் தண்ணீரை அளந்து டேங்கில் ஊற்றினாள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாக வேண்டும். விட்டால், சாற்றில் வளரும் பாக்டீரியா தான் உண்டாக்கிய புளிப்பிலேயே செத்துப்போகும்.

விருத்தாசலத்தில் ஆலடி ரோட்டை ஒட்டி இருந்த தனியார் ஷெட் வரிசை அது. பன்னிரண்டு ஷெட்டுகளில் பதினொன்றில் பீங்கான் வேலை. ஃபியூஸ் கட்டை, பொம்மை, ஊறுகாய் ஜாடி. கடைசி ஷெட் மட்டும் அன்புக்கரசியுடையது. ஹைதராபாத்தில் ஒரு என்சைம் ஆலையில் பதினைந்து வருடம் உழைத்துச் சேர்த்ததையெல்லாம் போட்டு, இந்த இருநூறு லிட்டர் எவர்சில்வர் டேங்கை நிறுத்தியிருந்தாள். சுற்றுப்பட்டு ஊர்களில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு, முந்திரிப்பழத்தை மரத்தடியிலேயே அழுக விடுவார்கள். அதை வாங்கி வந்து சாறு பிழிவாள். பாக்டீரியா அந்தச் சாற்றைத் தின்று லாக்டிக் அமிலமாக்கும். அந்த அமிலத்திலிருந்து மண்ணில் மக்கிப்போகிற பிளாஸ்டிக் செய்யலாம்.

வரிசையில் அவளுக்குக் 'கிருமியக்கா' என்று பெயர். டேங்கை விட்டு நகர முடியாதவள் எந்த விசேஷத்துக்குப் போக முடியும்? சொந்தக்காரர்களிடமிருந்து முதல் வருடம் கல்யாணப் பத்திரிகை வந்தது. இரண்டாம் வருடம் போன் மட்டும் வந்தது. மூன்றாம் வருடம், கல்யாணம் முடிந்த பிறகு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமலே விடிந்து அடைந்த பொழுதுகள் உண்டு. சில சமயம் மீட்டரில் தெரிகிற எண்ணை வாய்விட்டுப் படிப்பாள், யாருடைய குரலாவது கேட்கட்டுமே என்று.

தொழிற்சாலை உயிரித் தொழில்நுட்பத்தை நாடு முழுக்க வளர்க்க மத்திய அரசு கொண்டு வந்திருந்த திட்டத்துக்கு எட்டு மாதம் முன்பு விண்ணப்பம் போட்டிருந்தாள். பெரிய டேங்க், சோதனைக்கூட வசதி, வாங்குகிற கம்பெனிகளோடு தொடர்பு என்று எல்லாம் அதில் கிடைக்கும். 'பரிசீலனையில் உள்ளது' என்பதைத் தவிர இதுவரை பதில் இல்லை. இந்த முந்திரி சீசனுக்குள் உதவி வராவிட்டால் ஷெட்டைக் காலி செய்துவிட்டு மறுபடியும் ஹைதராபாத் ரயிலேற வேண்டியதுதான்.

"அக்கா, டீ."

பக்கத்து ஷெட் லாரன்ஸ். ஃபியூஸ் கட்டை போடுகிறவன். அந்த வரிசையில் அவளோடு நின்று பேசுகிற ஒரே ஆள். அவன் மனைவி ஆன் மேரி ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொடுத்தனுப்புவாள்.

"என்னா லாரன்ஸு, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"ஒண்ணுமில்லக்கா. வியாழக்கிழமை எனக்கு இன்ஸ்பெக்‌ஷன். ஜெயராஜுன்னு ஒரு புரோக்கரப் புடிச்சி ஸ்கீமுக்கு எழுதிப் போட்டேன். உன்னோட அதே பயோ ஸ்கீமுதான்." அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அரை நாளைக்கு டேங்கக் குடுக்கா. காட்டிட்டுத் திருப்பிக் கொண்டாந்து வச்சிடறேன்."

"டேங்கா? மூணாம் நாளு ஓடிக்கிட்டிருக்குது லாரன்ஸு. இறக்கினா இந்தச் சாறு மொத்தமும் போச்சு."

"ஒரு தடவைதானக்கா. உன் ஷெட்டுக்கு லைசென்ஸு பாக்க வந்தப்ப என் ஷெட்டுலேருந்துதான ரெண்டு தீயணைப்பான் கொண்டாந்து மாட்டினோம்? அப்ப நான் ஏன், எதுக்குன்னு கேட்டனா?"

கேட்கவில்லைதான். அந்த வரிசையில் அதுதான் வழக்கம். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் ஒரு ஷெட்டின் மெஷின் அடுத்த ஷெட்டுக்கு நகரும். ஒருவருடைய வேலையாள் இன்னொருவருடைய வேலையாளாக நிற்பார். 'கைமாத்து' என்பார்கள். மறுப்பவரை அதன்பிறகு யாரும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள்.

அன்புக்கரசி டேங்கைப் பார்த்தாள். பிறகு லாரன்ஸைப் பார்த்தாள். முடியாது என்று சொல்லிவிட்டால் நாளைக்குக் காலையில் "அக்கா, டீ" என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்?

"சரி, எடுத்துக்க" என்றாள்.

வியாழக்கிழமை காலை சாற்றைப் பீப்பாய்களில் இறக்கினாள். மதியத்துக்குள் அது கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். நாலு பேர் போல்ட்டைக் கழற்றி, டேங்கை டிராலியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். லாரன்ஸின் ஷெட்டில், வெள்ளைக் களிமண் தூசிக்கு நடுவே அது நின்றது.

லாரன்ஸ் இன்னொன்றும் கேட்டான். "ஏதாச்சும் கேட்டா எனக்கு ஒரு எழவும் தெரியாதுக்கா. டெக்னீஷியன் கனிமொழின்னு நீயே நின்னுக்க."

அதற்கும் நின்றாள்.

டெல்லி அலுவலகம் அனுப்பிய நிபுணர் பதினொரு மணிக்கு வந்தார். பானுமதி என்று பெயர். நரைத்த தலை, காலில் கேன்வாஸ் ஷூ. டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு நேராகக் கேட்டார்.

"முந்திரிப்பழத்துல துவர்ப்பு அதிகமாச்சே. பாக்டீரியா எப்படித் தாங்குது?"

மூன்று வருடத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. அரிசிக் கஞ்சி விட்டுத் துவர்ப்பைப் படிய வைத்து வடிகட்டுவதைச் சொன்னாள். ஐந்து முறை தோற்று, ஆறாவது முறை துவர்ப்பைத் தாங்குகிற பாக்டீரியா வகையைப் பிடித்ததைச் சொன்னாள். பானுமதி குறுக்கே கேட்டார், மறுத்தார், சிரித்தார். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. அப்படிப் பேச இன்னொரு மனுஷிக்காகத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள். ஆனால் பானுமதி குறிப்பேட்டில் எழுதியதோ 'லாரன்ஸ் நிறுவனம், டெக்னீஷியன் கனிமொழி' என்று.

"ரொம்ப நல்லா இருக்கும்மா கனிமொழி" என்று பேனாவை மூடினார் பானுமதி. "இதே வரிசையில அன்புக்கரசின்னு இன்னொருத்தரும் விண்ணப்பிச்சிருக்காங்க. வந்ததுக்கு அதையும் பாத்துடலாம்னு காலையிலேருந்து போன் பண்றேன், எடுக்கவே இல்ல. எந்த ஷெட்டுங்க அது?"

அவள் போன் அவளுடைய ஷெட்டில் கிடந்தது.

லாரன்ஸின் வாய் முந்திக்கொண்டது. "அந்தம்மா ஊரை வுட்டே போயிட்டாங்க மேடம். ஷெட்டு காலியாத்தான் கிடக்குது."

"அப்படியா?" பானுமதி மறுபடி பேனாவைத் திறந்தார்.

அன்புக்கரசி அந்தப் பேனா முனையைப் பார்த்தாள். ஊரில் அவளை மறந்தவர்கள் பலர். உயிரோடு பக்கத்தில் நிற்கும்போதே இல்லை என்று எழுதப் போவது இப்போதுதான்.

"எழுதாதீங்க மேடம்" என்றாள். "நான்தான் அன்புக்கரசி. டேங்கு என்னுது. இங்க காட்டறதுக்காகக் காலையில நான்தான் கழட்டிக் குடுத்தேன்."

லாரன்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பானுமதி கடைசி ஷெட்டுக்கு நடந்தார். அங்கே தரையில் நாலு போல்ட் துளைகள் இருந்தன. பீப்பாய்களில் நுரைத்துப்போன சாறு நாறிக்கொண்டிருந்தது.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கு நான் என்ன எழுதிட்டுப் போயிருப்பேன் தெரியுமா?" என்றார் அவர். "வேலை நடக்காத ஷெட்டுல வேலை நடக்குதுன்னு எழுதியிருப்பேன். வேலை நடக்குற ஷெட்டு காலின்னு எழுதியிருப்பேன். டெல்லியில அதை நம்பித்தான், எதை வெளிநாட்டுலேருந்து வாங்கறது, எதை இங்கயே செய்யறது, யாருக்குக் கை குடுக்கறதுன்னு முடிவு பண்ணுவாங்க. இந்த மாதிரி நூறு ஊர்ல நடந்தா, காகிதத்துல மட்டும்தான் தொழில் வளரும்."

"என் விண்ணப்பம், மேடம்?"

"நடந்ததை நடந்தபடி எழுதறேன். நீங்களா சொன்னதையும் எழுதறேன். குழு முடிவு பண்ணும். இந்த சீசனுக்குள்ள எதுவும் ஆகாதும்மா." ஜீப்பில் ஏறும்போது திரும்பிப் பார்த்தார். "அந்த அரிசிக் கஞ்சி யோசனை பிரமாதம்."

அடுத்த நாள் டீ வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை குழம்பும் வரவில்லை. டேங்கை மட்டும் யாரோ வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே களிமண் தூசி. இரண்டு நாள் தேய்த்துக் கழுவினாள். ஆள் வைத்து உள்ளே நிறுத்தி, ஃபிரிட்ஜில் இருந்த பாக்டீரியா சீசாவை எடுத்து, சீசனின் கடைசிப் பழங்களோடு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். வரிசையில் யாரும் அவள் ஷெட் பக்கம் திரும்பவில்லை.

மூன்று வாரம் கழித்து லாரன்ஸ் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"என்னுது தள்ளுபடியாயிடுச்சிக்கா."

"ம்."

"உன்னுது?"

"இன்னும் தெரியல."

லாரன்ஸ் வாசல்படியில் உட்கார்ந்தான். "உண்மையச் சொல்லட்டுமா? இந்த வரிசையில உனக்கு வேற யாரும் இல்ல, அதனால நீ என்கிட்ட முடியாதுன்னு சொல்லமாட்டேன்னு தெரிஞ்சுதான்க்கா கேட்டேன். அதுதான் தூங்க வுடமாட்டேங்குது. ஒருத்தருக்கொருத்தர் கைமாத்து குடுக்கறது ஒத்தாசைன்னுதான இத்தனை நாளு நெனச்சிக்கிட்டிருந்தோம்?"

அன்புக்கரசி மீட்டரைத் துடைத்துக் கீழே வைத்தாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆளில்லாமப் போயிடுவோமோன்னு பயந்துக்கிட்டு நான் குடுத்தேன், நீ வாங்கினே. ஆனா லாரன்ஸு, இல்லாததை இருக்குறதாக் காட்ட நாம பண்றது ஒத்தாசை இல்ல. தொழில வளக்கறதுக்குன்னு நாடு நீட்டுற கைய, நெசமா வேலை செய்யறவன் பக்கம் வரவிடாம தட்டிவுடறது. யாரு எந்த ஷெட்டுக்குக் குடுத்தாலும் சரி, கடைசியில காலின்னு எழுதறது குடுத்தவன் ஷெட்டைத்தான்."