விதிப்படி ஒரு தாமதம்

அத்தை பயிற்சி கொடுக்கும் சிறுமியர் சாஃப்ட்பால் அணியில் மொத்தமே ஒன்பது பேர். மாற்று ஆட்டக்காரர் என்று யாரும் கிடையாது. ஸ்கோர் எழுதுவது, தண்ணீர் கேன் தூக்குவது, அத்தையிடம் திட்டு வாங்குவது ஆகிய மூன்று துறைகளும் என் பொறுப்பில். அன்று மைதானத்தில் எண்ணிப் பார்த்தேன், எட்டு. அத்தை முறைத்ததால் மறுபடி எண்ணினேன். முறைத்தும் ஒன்று கூடவில்லை.

வராதது என் தங்கை குண்டூசி. கடைவாய்ப் பல் வலி என்று அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போன அப்பா, வந்துகொண்டே இருப்பதாகப் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆள் குறைந்தால் ஆடாமலே தோல்வி. ஒரே பருவத்தில் இப்படி இரண்டு தடவை ஆனால் அடுத்த வருடம் அணியைச் சேர்க்க மாட்டார்கள். பாதிப் பேருக்கு அம்மை போட்டிருந்தபோது ஒரு தடவை ஆகிவிட்டது. தோற்பது எங்களுக்குப் புதிதில்லை, அத்தை அதை அனுபவம் என்பார். அணியே இல்லாமல் போவது வேறு.

அம்பயர் வாரநாட்களில் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். பெற்ற தாய் டிக்கெட் இல்லாமல் ஏறினாலும் இறக்கிவிடுவார் என்று பெயர் வாங்கியவர். கொஞ்சம் பொறுக்க முடியுமா என்று அத்தை கேட்டதற்கு, காத்திருக்க விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். அத்தை யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன், பலிக்கவில்லை.

எதிரணிக்குப் பயிற்சியாளர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவர் சும்மா இருந்திருந்தால் எங்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும். இருக்கவில்லை.

"எல்லாம் விதிப்படி நடக்கணும் சார். ஒண்ணு விடாம. அவ்வளவுதான் நான் கேக்குறது."

அம்பயர் அவரை நிதானமாகப் பார்த்தார். "ஒண்ணு விடாமயா?"

"ஒண்ணு விடாம."

"அப்ப உங்க பேட் எல்லாத்தையும் கொண்டாங்க. சோதனை முடிஞ்சாத்தான் ஆட்ட நேரமே ஆரம்பம்."

அப்படி ஒரு விதி இருக்கிறது. வழக்கமாக அம்பயர்கள் குவியலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இவர் ஒவ்வொரு பேட்டையும் தரையில் உருட்டினார், பானை வாங்குகிறவர் மாதிரி தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு கையுறைகள். பிறகு ஷூக்களின் அடிப்பக்கம், இடது தனி, வலது தனி. கண்ணாடிக் கடைக்காரர் நேரமாவதாக முனகியபோது, நீங்கதானே சார் கேட்டீங்க என்றார், மரியாதையாக. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் ஹெல்மெட்டுகளுக்கு வந்தார். ஒவ்வொரு வாரையும் மாட்டினார், கழற்றினார், இழுத்தார். வாசல் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஆனால் அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் மிச்சமிருந்த ஹெல்மெட்டுகள் ஒரே நொடியில் தேறிவிட்டன.

குண்டூசி ஒரு கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு ஓடிவந்தாள். அம்பயர் அவள் மணிக்கட்டிலிருந்த பாசி வளையலைக் காட்டிக் கழற்றச் சொன்னார்.

"பல்லையே கழட்டிட்டு வந்திருக்கேன் அங்கிள்."

"அதை யாரும் கேக்கலம்மா. இதைக் கழட்டு."

ஆடினோம். கடைசிவரை ஒரு ரன்தான் பின்தங்கியிருந்தோம், இது எங்கள் வரலாற்றில் கிடையாது. கடைசிப் பந்தைக் குண்டூசி வேலிவரை அடித்தாள். எங்கள் பெண்கள் இரண்டு பேர் ஓடிவந்து கடைசித் தளத்தைத் தொட்டுக் குதித்துக்கொண்டிருக்கும்போது அம்பயர் கையை உயர்த்தினார். அடிக்கும்போது அவள் கால், அடிப்பவர் நிற்க வேண்டிய கட்டத்துக்கு வெளியே இருந்ததாம். அவள் அவுட், ரன் செல்லாது, ஆட்டம் முடிந்தது. தோற்றோம். ஆனால் ஆடித் தோற்றோம். அந்தத் தோல்விக்கு யாரும் அணியைக் கலைக்க முடியாது.

குண்டூசி அம்பயர் முன்னால் போய் நின்று, கால் உள்ளேதான் இருந்தது என்று பஞ்சோடு வாதாடினாள். அவர் இல்லை என்றார். அவள் அத்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பந்து வந்தபோது அத்தை பார்க்கப் பயந்து மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவன் நான்.

"வெளியதான்டி இருந்துச்சு," என்றார் அத்தை. "என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

பிறகு அம்பயரிடம் குரலை இறக்கி, "அடுத்த வருஷமும் எங்க ஹெல்மெட்டை நல்லா பாருங்க சார்," என்றார்.

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "அந்த நீல ஹெல்மெட்டுக்கு வார் மாத்துங்க. பிஞ்சுடும்."