குஞ்சிதபாதத்தின் ரசிகர்கள்

1982ல் குஞ்சிதபாதம் சொந்தமாகப் போட்ட முதல் கேசட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. கேட்டவை மீன்கள் மட்டுமே.

அவன் அம்பகரத்தூர்க்காரன். கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசிக்கும் மெல்லிசைக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவன், ஒரு பந்தியில் தான் கட்டிய மெட்டைச் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே நுழைத்ததற்காக வெளியேற்றப்பட்டான். துபாயிலிருந்து திரும்பியிருந்த நண்பன் மீரா சாகிப்பிடம் இரண்டு டேப்ரிக்கார்டர்கள் இருந்தன. சைக்கிள் கடை மாடியில், சுவரெல்லாம் சாக்கு அடித்து, எட்டுப் பாட்டைப் பதிவுசெய்தார்கள். எழுதியது, மெட்டமைத்தது, பாடியது, தயாரித்தது எல்லாம் குஞ்சிதபாதமே. அட்டைப்படத்திலும் அவனே கன்னத்தில் கைவைத்து நின்றான். கடைத்தெருவில் எல்லோரும் "எந்தப் படம் தம்பி?" என்றார்கள். படமில்லை என்றதும், தகப்பன் பெயர் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கேசட்டைத் திருப்பி வைத்தார்கள்.

மீரா சாகிப் வீட்டுக்கு மீன் கொடுக்கும் கிளிஞ்சல்மேட்டு மாரிக்கண்ணு ஒன்றை ஓசியில் வாங்கிப் போனாள். அவள் புருஷன் கருப்பையன் அதைப் படகில் ஓடவிட்டான். பல்லவி முடிவதற்குள் மத்தியும் சங்கராவும் படகைச் சுற்றி வந்து தலையைத் தூக்கி நின்றன. சரணத்தில் ஒரு வஞ்சிரம் தானாகப் படகுக்குள் ஏறி, பாட்டுப்பெட்டிக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. அந்த வாரமே கிளிஞ்சல்மேடு, மண்டபத்தூர் மீனவக் குப்பங்கள் கடைகளில் கிடந்த கேசட்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போயின.

குஞ்சிதபாதம் கறுப்புக் கண்ணாடி வாங்கினான். ரசிகர்களைப் பார்க்கக் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனான். கரையேறிய ஆண்கள் அத்தனை பேர் காதிலும் பஞ்சு இருந்தது.

"எந்தப் பாட்டுக்கா ரொம்பப் புடிச்சிது?" என்று மாரிக்கண்ணுவிடம் கேட்டான்.

"நாங்க எங்க தம்பி கேட்டோம்? ஒரே இழுவையா இருக்குன்னு காத அடச்சிக்கிறாங்க. மீனுக்குத்தான் உசுரு. உக்காரு, சாப்புட்டுப் போ."

குழம்பில் ஒரு வஞ்சிரத் துண்டு கிடந்தது. அவன் பாட்டுக்காக வீட்டைவிட்டு வந்த ஜீவன் அது. சாப்பிட்டான். குழம்பு நன்றாக இருந்ததுதான் அவனை அழவைத்தது.

"மனுசனா இருந்தா என்ன, மீனா இருந்தா என்ன? சரக்கு போவுதுல்ல மாப்ளே!" என்றான் மீரா சாகிப். மெட்ராஸ் மீன் கம்பெனிக்காரர் ஒருவர், இறாலுக்கென்று தனியாக ஒரு கேசட் போட முடியுமா என்று விசாரித்தார். கேட்க வந்தவனைக் குழம்பில் போடுவதற்கு நான் பாட முடியாது என்று குஞ்சிதபாதம் பழைய கேசட்டை மறுபடி அடிக்கவும் மறுத்துவிட்டான். மீரா சாகிப் கோபித்துக்கொண்டு துபாய்க்கே போனான். மனசு கேட்காமல் டேப்ரிக்கார்டர்களை மட்டும் விட்டுப்போனான். சாக்குகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து குஞ்சிதபாதம் புதுப் பாட்டுகள் எழுதினான். ஒவ்வொன்றின் முடிவிலும் 'கேட்டது போதும், வீட்டுக்குப் போங்க' என்று ஒரு வரி வைத்தான். 1985ல் அந்தக் கேசட் வந்தபோதும் மீன்கள் வந்தன, கடைசிவரை கேட்டன, வலை விழுவதற்குள் ஒழுங்காகக் கலைந்து போயின.

மாரிக்கண்ணு கூடையோடு மாடியேறி வந்தாள். "விடிகாலயிலேர்ந்து பாட்டுப் போட்டு வெறும் வலய இழுத்துட்டு வந்துருக்காரு அந்த மனுசன். அப்புடி என்னத்தப் பாடி வச்சிருக்க? போடு பாப்பம்!"

கோளாறு கண்டுபிடிக்க வந்தவள் என்பதால் காதில் பஞ்சு வைக்கவில்லை. முதல் பாட்டுக்கு இடுப்பில் கைவைத்து நின்றாள். இரண்டாவதுக்குக் கூடையை இறக்கினாள். வீட்டுக்குப் போங்க என்று பாட்டு சொல்லியும் போகவில்லை. ஒரு பக்கம் ஓடி முடிந்து பெட்டி டக்கென்று நின்றபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த மூணாவதத் திருப்பிப் போடு."

தினமும் தட்டுகிற பொத்தான்தான். எது என்று தெரியாமல் மாற்றி மாற்றித் தட்டினான்.

அதன்பிறகு அவள் மீன் விற்ற தெருக்களில் அந்தப் பாட்டையும் பாடிக்கொண்டே போனாள். ஜனங்கள் கேசட் வாங்கினார்கள். பாதிப்பேர், ஏதோ படம் வரப்போகிறது என்று நம்பித்தான். 1987 முதல் ஒவ்வொரு மாசிமகத்தன்றும் காரைக்கால் கடற்கரையில் அவன் கச்சேரி நடந்தது. பையன் திறமை எங்களுக்கு அன்றைக்கே தெரியும் என்று வக்கீல்களும் வாத்தியார்களும் மேடையேறிப் பேசுவார்கள். ஈரமணலில் மீன்கள் வரிசையாக வந்து படுத்து, பேச்சு முடியும்வரை பொறுத்திருக்கும். கருப்பையன் அன்று வலையைத் தொடமாட்டான். கடைசிப் பாட்டு முடிந்ததும் அவை அலையோடு போய்விடும். ஜனங்கள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து, அடுத்த வருஷமாவது வெள்ளனவே வர வேண்டும், முன்வரிசை முழுக்க மீன்களே பிடித்துக்கொள்கின்றன என்று பேசியபடி பஸ் ஏறுவார்கள்.