ஓடை அடித்த இரும்பு

கீழே புளியஞ்சோலை நீரோடைகள் சாய்வெயிலில் வெள்ளிச் சரடுகளாய் மின்ன, மேலே மிளகுக்கொடி தழுவிய பலாமரங்கள் தம் நிழலைச் சரிவெங்கும் மெல்லப் பரப்ப, கதிர் கனத்துத் தலைசாய்ந்த சாமைக்காடுகள் காற்றுக்கு அலையலையாய் அசைந்துகொண்டிருந்த ஐப்பசி மாலை அது. வெள்ளையர் இந்நிலத்தை ஆண்ட காலம். அழகில் மயங்கிவிடாதீர்கள், கண்ணுகளே! அவ்வாண்டு மலைக்காய்ச்சல் புகாத குடில் கொல்லிமலையில் அரிது. அக்காய்ச்சலுக்குக் கணவன் சென்றாயனைப் பறிகொடுத்த பெருமாயி, பால்மறவா மகளை இடுப்பிலேந்தி, தன் காட்டோரத்தைப் பன்றிகள் கிளறிப்போட்டிருந்த கோலத்தை நோக்கி நின்றாள். எஞ்சிய கதிர் வீடு சேர்ந்தால் தாயும் மகளும் அடுத்த விளைச்சல்வரை உயிர்த்திருப்பர், சேராவிடில் இல்லை. பரணேறிக் காவல் காக்க வேண்டியவனோ மண்ணுக்குள் கிடந்தான்.

இறந்தவன் கைபட்ட பொருள்களை எல்லைப் பள்ளத்தில் எறிவதும், எறிந்ததைத் திரும்பிப் பாராமல் வருவதும் அவ்வூர் வழக்கம். சென்றாயனுடையவற்றை எறிந்து மீள்கையில் பெருமாயி திரும்பிப் பார்த்தாள். காம்பு முறிந்த மண்வெட்டியும், அவன் தேன் கொணர்ந்த மூங்கிற்குழாயும் பிறர்க்கெல்லாம் குப்பை. அவளுக்கோ, ஓடைநீர் நிறைந்து குழாய் சாய்வதும், நீர் ஒழிந்து மீள்வதும், மீளுங்கால் அதன் அடிப்புறம் மண்வெட்டியின் இரும்பை அறைவதும், அவ்வோசைக்குப் பன்றிகள் வெருண்டோடுவதும் கண்முன் நிகழ்வனபோல் தோன்றின. இறங்கினாள், எடுத்தாள், தன் காட்டு ஓடையில் கட்டினாள். ஆளில்லாப் பரணுக்கு அருகே இரும்பு ஓயாது ஒலித்தது. பன்றிகள் அச்சரிவையே மறந்தன.

ஊர் மறக்கவில்லை.

“ஏனுங்க, கேட்டீங்களா? செத்தும் மம்முட்டியக் கீழ வெக்க மாட்டேங்கறான்!” என்று நகைத்தாள் அண்டைக்காட்டு அத்தாயி. அந்நகைப்பில் அச்சம் கலந்திருந்தது.

ஊர்ப்பெரியவர் கருப்பண்ணன் ஆள்களோடு வந்தார். “எறிஞ்சத எடுத்தாந்துட்டயே புள்ள! அது அவன் மூச்சு. அவன் போய்ச் சேர வேண்டாமா?”

“மூச்சில்லீங்க மாமா, வெறும் இரும்புங்க. தண்ணி அடிக்குது. அவரா இருந்தா எம்புள்ளைய ஒருக்கா கூப்புட்டிருக்க மாட்டாருங்களா?”

கருப்பண்ணன் கைகாட்ட, ஆள்கள் ஓடையில் இறங்கினர். கட்டறுத்துப் பிடுங்கி, மீண்டும் பள்ளத்திலேயே எறிந்தனர்.

விடிந்தபோது பெருமாயியின் காட்டில் நிமிர்ந்து நின்ற தாள் ஒன்றுமில்லை. கதிரும் மண்ணும் ஒன்றாய்ப் பிசைந்து கிடந்தன. தடையற்ற பன்றிகள் அத்தாயியின் காட்டிலும் பாதியைத் தின்று, கருப்பண்ணனின் வேலிவரை வந்து திரும்பியிருந்தன. ஒருத்தி கட்டிய இரும்பு சரிவு முழுவதையும் காத்து வந்தது அன்றுதான் ஊருக்கு விளங்கிற்று.

கருப்பண்ணன் அவள் குடில் முன் தலைகவிழ்ந்து நின்றார். “நீ சொன்னதுதான் சரி சாமி. வெறும் இரும்புதான். எங்காட்டு ஓடையில அதக் கட்டித் தாரயா?”

“கட்டறேனுங்க. அறுக்கறப்ப எங்களுக்கும் ஒரு பங்கு அளக்கோணுங்க.”

“அளக்கறேன்.”

“இருந்தப்பக்கூட உன்ற ஊட்டுக்காரன் இத்தன ஒழைக்கல புள்ள,” என்றாள் உடன் வந்த அத்தாயி, பழைய வாயால்.

பெருமாயி பள்ளத்தில் இறங்கி, அவற்றை மீண்டும் தேடியெடுத்துக் கட்டினாள். கருப்பண்ணனின் சாமை கேடின்றி விளைந்தது. அளந்த பங்கு கஞ்சியாகி மகளின் வயிற்றைச் சேர்ந்தது. சென்றாயனின் மூச்சென்று ஊரார் நடுங்கியபோது அவளுக்கு அது இரும்பாகவே இருந்தது. இரும்பென்று தெளிந்து அவர்கள் நிறைவாய்க் கண்ணயர்ந்த பின்னரோ, ஒவ்வோர் அடிக்கும் அவள் திடுக்கிட்டு விழித்தாள். தன் நிலம் தரிசாய்க் கிடக்க, பிறர் நிலத்தில் ஓயாது உழைப்பவனின் களைத்த மூச்சைக் கேட்டாள். வீசிய பொருளுக்கு மறுவாழ்வு உண்டு, கண்ணுகளே. அதை மீட்டெடுத்து வருபவள், அதனோடு சேர்த்து வீசிவிட்ட துயரையும் சுமந்தே மேடேறுகிறாள்.