சோப்பு போயிடுச்சா, பாருங்க

கல்யாணமான நாளிலிருந்து அவள் துண்டை மறக்காமல் குளிக்கப் போனதே கிடையாது. தலையில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஞாபகம் வரும். "ஏங்க, துண்டு!" என்று ஒரு குரல். அவன் எங்கிருந்தாலும் எழுந்து போவான். கதவிடுக்கில் ஈரக்கை நீளும். மனசு நன்றாக இருக்கும் நாட்களில் துண்டை வாங்கிக்கொண்டு, கூலியாக அவன் முகத்தில் தண்ணீரைத் தெளித்துவிட்டுத்தான் கதவைச் சாத்தும்.

சிகிச்சையில் முடி கொட்டியதிலிருந்து அவள் எதையும் மறப்பதில்லை. துண்டு, மாற்றுத்துணி, தலையில் கட்டும் நீலத்துணி எல்லாம் கையோடு உள்ளே போய்விடும். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். வெளியே வரும்போது நீலத்துணி காதுவரை இறங்கியிருக்கும்.

சிகிச்சை முடிந்துவிட்டது. முடியும் முளைக்கத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்தவள் அவளுடைய தங்கை மட்டும்தான்.

"கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு மாமா," என்றாள் மச்சினி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "ஆனா இந்த உப்புத் தண்ணி இருக்கே, தோல் எல்லாம் வறண்டு போய் அரிக்குதாம். உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னா, சொன்னா," என்றான் அவன். சொல்லவில்லை.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். தெருவில் அவனுக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர். ஊரில் பாதிப்பேருக்குப் பார்வை தெளிவாக்கிக் கொடுத்த மனுஷன், சொந்தப் பெண்டாட்டியின் தலை எப்படி இருக்கிறது என்று அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. காட்டு என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் காட்டிவிடுவாளோ என்றும் பயமாக இருந்தது. கேட்டதற்காகக் காட்டுவது வேறு, தானாகக் காட்டுவது வேறு.

அதனால், கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாத ஆண்கள் செய்வதையே அவனும் செய்தான். தண்ணீரைச் சரிபண்ண ஒரு மெஷின் வாங்கக் கிளம்பினான்.

வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போயிருந்தான். கடைக்காரர் அதைச் சின்னக் குப்பியில் ஊற்றி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்; தண்ணீரில் உப்பு ஏற ஏறச் சொட்டும் கூடும். சிவப்பாக இருந்தது நீலமாக மாறுவதற்குள் அவருக்குக் கை வலித்துவிட்டது.

"சார், இது தண்ணியில்ல. கரைஞ்சுபோன சுவரு."

உப்பு போட்டு ஓட்டும் மெஷின் ஒன்று இருந்தது; குழாய்மேல் மாட்டினால் போதும், உப்பே வேண்டாம் என்று இன்னொன்றையும் காட்டினார்.

"அத மாட்டினா இந்தச் சொட்டு மருந்துல நீலம் சீக்கிரம் வருமா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அது... வராது சார்."

"அப்ப உப்பு போடறதே குடுங்க."

"வீட்ல எத்தன பேரு?"

"ரெண்டு பேரு," என்றான் அவன். அந்தச் சின்ன எண்ணைச் சொல்லும்போது அவனுக்கு ஏனோ கும்பிட வேண்டும்போல இருந்தது.

வீட்டில் வேறு கச்சேரி.

"உப்புத் தண்ணிய சரிபண்ண உப்பு போடற மெஷினா? யாருங்க உங்க தலையில மிளகா அரைச்சது?"

"தண்ணில இருக்கறது சுண்ணாம்பும்மா. அத உள்ள இருக்கற மணிங்க பிடிச்சு வச்சுக்கும். உப்பு அந்த மணிங்களக் கழுவறதுக்கு."

"எனக்காகன்னா வேண்டாம்."

"உனக்காக ஒண்ணுமில்ல. கண்ணாடி கழுவினா வெள்ளை வெள்ளையா புள்ளி விழுது."

அவள் பார்வை அவன் காதுக்குப் போனது. "பொய் சொன்னா உங்க காது சிவக்கும். தெரியுமா?"

மெஷின் மாட்ட வந்தவர் வாய் ஓயாத ஆள். அவர் வந்ததுமே அவள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் பின்கட்டில் குழாயை அறுத்து மெஷினை நடுவே சேர்த்தார். சமையலறைக் குடிதண்ணீர்க் குழாயை மட்டும் பழைய தண்ணீரிலேயே விட்டார். தொட்டியில் உப்பைக் கொட்டும்போது, "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் சார். மறந்தீங்கன்னா அதுவும் மறந்துடும்," என்று தானே சிரித்துக்கொண்டார். கடைசியில் அதே சொட்டு மருந்தை விட்டுக் காட்டினார்; குப்பித் தண்ணீர் முதல் சொட்டிலேயே நீலமானது.

கிளம்பும்போது சொன்னார்: "கொஞ்ச நாள் உடம்பெல்லாம் வழவழன்னு இருக்கும். சோப்பு போகாத மாதிரியே தோணும். போயிருக்கும். வீட்ல சொல்லிடுங்க, இல்லன்னா தண்ணிய ஊத்திக்கிட்டே இருப்பாங்க."

அவன் படுக்கையறைக் கதவுவரை போனான். சோப்பு, தலை, குளியல் என்று எந்த வார்த்தையில் தொடங்கினாலும் அது அவள் பூட்டி வைத்திருக்கும் இடத்துக்கே போய் நின்றது. காலையில் சொல்லலாம் என்று திரும்பிவிட்டான்.

காலையில் அவன் வாயைத் திறப்பதற்குள் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது.

தண்ணீர் விழும் சத்தம் நின்றது. மறுபடி விழுந்தது. நின்றது, விழுந்தது. காபி ஆறிப்போகும்வரை அவன் அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏங்க!"

எத்தனை மாதமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! கால் தானாக எழுந்தது, கை கொடியிலிருந்து துண்டை உருவியது.

"துண்டு இருக்கு," என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. "சோப்புதான் போகமாட்டேங்குது. எவ்வளவு ஊத்தினாலும் தலை வழுக்குது. கண்ணாடியில பின்பக்கம் தெரியல..."

பேச்சு அதோடு நின்றது. வந்து பாருங்க என்பதுதான் மிச்சம்.

சும்மா இருந்தாலே போதும், கதவு திறந்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்தது. நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கிவிடலாம். ஆனால் இத்தனை நாள் காத்திருந்தது, இப்படி ஏமாற்றிப் பார்ப்பதற்கா?

"போயிருக்கும்மா," என்றான். "இந்தத் தண்ணி அப்படித்தானாம், வழவழன்னு. மெஷின்காரர் உன்கிட்ட சொல்லச் சொன்னாரு. நான்தான் சொல்லல."

போச்சு, எல்லாம் போச்சு, அரிச்சந்திரன் பேரன்! தன்னையே திட்டிக்கொண்டு அவன் துண்டைக் கொடியில் போடத் திரும்பினான்.

தாழ்ப்பாள் விலகியது.

"மெஷின்காரர் சொன்னா ஆச்சா?" என்றாள். "நீங்க வந்து பாருங்க."

தோள்வரை துண்டைச் சுற்றிக்கொண்டு, முதுகைக் காட்டி, முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நீலத்துணி ஆணியில் தொங்கியது. நீராவியில் அவன் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிட்டத்தில் குனிந்தான்.

கோழிக்குஞ்சு இல்லை. மச்சினிக்குச் சொல்லத் தெரியவில்லை. மழைக்கு மறுநாள் தரையில் தெரியும் முதல் பசுமை மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று இருந்தது. உச்சியில் சுழி. பழைய முடிக்கு இருந்த அதே சுழி, அதே இடத்தில். அதற்குக் கீழே ஒரு சின்ன மச்சம். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அவன் பார்த்திராத மச்சம்.

உள்ளங்கையை வைத்தான். வழுக்கியது. அவள் தோள் ஒருமுறை இறுகி, மெல்லத் தளர்ந்தது.

"சோப்பு போயிடுச்சா?"

ஒரு பொட்டு நுரைகூட இல்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றான். குவளையில் தண்ணீரை மொண்டு, கையால் காதை மறைத்துக்கொடுத்து, நிதானமாக ஊற்றினான்.

அவள் லேசாகத் தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"காது சிவந்திருக்கு," என்றாள்.

சொல்லிவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.